வயதான அப்பா அம்மாவோடு சில மாதங்கள் வெளிநாட்டில் தங்கப் போகிறோம். ஆரம்பத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே வேலையில் இருக்கும் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பா "எனக்கெதுக்குடா அதெல்லாம்" என்பார், அம்மா "அவர் வந்தா வர்றேன்" என்பார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் மெல்பர்னில் இருக்கிறேன். அப்பா கும்பகோணம் பக்கம் விவசாயி, 76 வயது. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த மாதம் கிளம்புவது என்பதைத் தீர்மானியுங்கள். அதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். "மே மாத வெயிலுக்குத் தப்பிச்சு வாங்க" என்று கூப்பிடுவது அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சரி. ஆஸ்திரேலியாவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். மெல்பர்னில் விடியற்காலை ஆறு, ஏழு டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் அப்பா பார்த்தது குளிரை இல்லை. தையில் சம்பா அறுவடை முடிய வேண்டும், ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் ஊரில் இருக்க வேண்டும், இடையில் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன் என்றார். அந்த இடைவெளியில்தான் டிக்கெட் போட்டோம்.

கிளம்பும் தேதியாகப் போட்டது பிப்ரவரி நடுவில். அறுத்த நெல் களத்திலேயே கிடந்தது. எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். காயவைத்துக் கொண்டுபோனால் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்த அன்றைக்கு மழை. இதற்கு நடுவே மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்தவர்கள் நெல் மட்டும் வரிசையைத் தாண்டி எடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு 76 வயதுக்காரர் ராத்திரி முழுக்க நிற்கிறார், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி அந்தக் களத்தில் படுத்துப் பார்க்கட்டும். சரி, இதை ஆரம்பித்தால் உங்கள் கேள்வியை விட்டுவிடுவேன். தேதி மாற்றிக்கொள்ள முடிகிற டிக்கெட்டாக எடுங்கள். நாங்கள் மாற்றினோம், கையை விட்டுப் பணம் போனது. நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு அப்பாவை விமானத்தில் ஏற்றியிருந்தால் நாலு மாதமும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.

காகித வேலைகளை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆஸ்திரேலிய விசாவில் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதையும் அவர்கள் பட்டியலில் இருக்கும் மருத்துவர்தான் செய்ய வேண்டும், நம் குடும்ப டாக்டர் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது. மருந்து மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுவரக் கூடாது. டாக்டர் சீட்டு வேண்டும், மாத்திரை கடையில் வாங்கிய அட்டையோடு, பெட்டியோடு இருக்க வேண்டும். நாலாவது மாதத்துக்கு இங்கேயே ஒரு டாக்டரைக் காசு கொடுத்துப் பார்த்து எழுதி வாங்கினோம். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியில் போட்டால் சரக்கு அறைக் குளிரில் உறைந்து வீணாகிவிடலாம். கிழக்கே பறக்கும்போது அந்த நாள் சுருங்கிவிடும், ஊசி நேரத்தைக் கிளம்பும் முன்னாலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா என்ற அந்த ஒரு பத்தியையாவது உட்கார்ந்து படியுங்கள்.

சென்னைக்குப் போகவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், அங்கிருந்து மெல்பர்ன் ஏழரை மணி நேரம். ஒரே மூச்சில் அத்தனை நேரமும் உட்கார வைப்பதை விட இது எவ்வளவோ மேல். சக்கர நாற்காலியை இரண்டு பேருக்கும் டிக்கெட்டிலேயே சொல்லி வைத்தேன். நடக்க முடிகிறவர்களுக்கு நாற்காலி எதற்கு, நிஜமாகவே முடியாதவர்களின் இடத்தைப் பிடிக்கிறீர்களே என்று இந்தப் பதிலுக்குக் கீழே ஒருவர் வருவார், தெரியும். அம்மாவால் வீட்டு வாசல் வரை நடக்க முடியும். சாங்கி விமான நிலையத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு முடியாது. அப்பா வேறு கதை. "எனக்கென்ன கால் ஒடிஞ்சா போச்சு" என்று அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். விட்டுவிட்டேன். அந்த நாற்காலி காலியாகத் திரும்பிப் போனது, யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது பொதி. கிளம்பும் முன்னால் உறவுக்காரர் ஒருவர் பெரிய பொட்டலத்தோடு வந்தார். "பொண்ணு சிட்னில இருக்கா தம்பி, உங்க பக்கம்தானே." மெல்பர்னிலிருந்து சிட்னி கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். உள்ளே பால்கோவா வேறு. இந்தியாவிலிருந்து பால் இனிப்பை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலை, விதை எல்லாம் அப்படித்தான். முடியாது என்று சொன்னதில் இன்றுவரை அந்த வீட்டில் எங்களோடு பேச்சில்லை. பரவாயில்லை. பெட்டியில் இருப்பது உங்கள் பொருள்தானா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா.

இறங்குவதற்கு முன்னால் ஓர் அட்டை தருவார்கள். உணவு கொண்டுவருகிறீர்களா, கடந்த 30 நாளில் பண்ணைக்கோ கால்நடைப் பக்கமோ போனீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கும். எங்கள் அத்தான், "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டு வெளியே வாங்க" என்று ஊரிலேயே பாடம் எடுத்திருந்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வயல்ல நின்னுட்டு வர்றவன் வயலே பார்த்ததில்லைன்னு எழுதணுமா?" ஆமாம் என்று போட்டோம். உள்ளதைச் சொல்லிவிட்டால், ஆகாத பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம்.

தனி வரிசை. ஓர் இளம்பெண் அதிகாரி. ஊறுகாய், பருப்புப்பொடியைத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டு அப்பாவின் தோல் செருப்பைக் கேட்டார். அடியில், தையல் ஓரத்தில், காய்ந்த களிமண் விளக்குமாற்றுக் குச்சி கனத்துக்கு ஒட்டியிருந்தது. என்ன பயிர் என்று கேட்டார். நெல் என்று நான் சொல்வதற்குள் அப்பா விரலைக் குவித்துக் கதிர் தலைசாய்வது போலக் காட்டினார். செருப்பை உள்ளே கொண்டுபோய்க் கழுவி, ஈரத்தோடு ஒரு பையில் போட்டுத் தந்தார். அதுவரை வெறுங்காலோடு நின்றவருக்கு ஒரே பெருமை.

"இத்தனை வருஷத்துல என் செருப்பைக் கழுவிக் கொடுத்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்டா."

"நான் கழுவினதெல்லாம் கணக்குல வராதாக்கும்" என்றார் அம்மா நாற்காலியிலிருந்து.

முதல் வாரம் எங்கும் கூட்டிப்போகாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் மெல்பர்ன் நம்மூரை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். ஊரில் நாலு மணிக்கு எழுகிறவருக்கு இங்கே ஒன்பதரைக்குத்தான் விழிப்பு வந்தது, அதற்கே வெட்கப்பட்டார். ராத்திரி ஒரு மணிக்குக் கூடத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் எதையும் திருத்தவில்லை, நாலைந்து நாளில் தானாகச் சரியானது. அப்பாவுக்குப் பிடித்த முதல் காட்சி குப்பை லாரி. இரும்புக் கையை நீட்டித் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும். அது வரும் கிழமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாசலில் போய் நிற்பார்.

"பேரனைப் பார்த்துக்க ஆயா வேலைக்குக் கூட்டிட்டுப் போறான்" என்று ஊரில் சொன்னார்கள், இங்கேயும் சொல்வீர்கள். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். சாயங்காலம் அவனுக்குச் சோறு ஊட்டுவேன் என்று அடம்பிடித்தது அம்மா, அதை என்னால் தடுக்க முடியாது.

மெல்பர்ன் பக்கத்தில் இருக்கும் பிலிப் தீவுப் பெங்குவின்களை ஏப்ரலில்தான் காட்டினோம். அவை இருட்டிய பிறகுதான் கடலிலிருந்து கரையேறும், காற்று எலும்பைக் குடையும். போவதானால் காது மறைக்கும் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சேலைக்கு மேலே என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.