லீட்ஸ் சுவரும் ஏற்காட்டுச் சுவரும்

தம்பி, சேலம் அம்மாபேட்டையிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து மூன்றே மாதம், வாடகை வீட்டில் துணி அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது, பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை, ஏஜென்ட்டோ நீங்கள் சமைப்பதும் துணி காயப்போடுவதும்தான் காரணம் என்கிறார், பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரில் கை வைக்கவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இப்போது லீவுக்கு அஸ்தம்பட்டி அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்றுதான் ஏற்காடு போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு சின்ன வீடு, வாடகைக்கு விட்டிருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். பின்சுவர் உரிகிறது என்று குடியிருப்பவர் போன் செய்யும்போதெல்லாம், இங்கிலாந்தில் இருந்துகொண்டே, "பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிடுங்க, பணம் அனுப்பறேன்" என்றேன். மூன்று வருடம், மூன்று முறை. நான்காவது வருடம் நேரில் போனேன். சுவரைத் தொட்டதும் பூச்சு அப்பளம் போல உடைந்து கையில் வந்தது, அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு. அலமாரியில் அவர் மகளின் பள்ளி நோட்டுகள் ஊறி உப்பிக் கிடந்தன. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், சரிவிலிருந்து இறங்கிய மண் ஜன்னல் மட்டம்வரை சுவரோடு அணைந்து நிற்கிறது. மழைத் தண்ணீர் முழுக்க அந்த மண்ணில் தங்கி, சுவர் வழியாக உள்ளே வந்திருக்கிறது. குடியிருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மண்ணை வெட்டி எடுத்து, சுவரை ஒட்டிக் கால்வாய் விட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்ட பிறகுதான் பூசினோம். நேற்றும் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது.

உங்கள் லீட்ஸ் வீட்டில் பெரும்பாலும் இது வேறு கதை. நம் ஊரில் ஜன்னல் எந்நேரமும் திறந்திருக்கும், சுவரில் ஈரம் என்றால் மழை, இல்லாவிட்டால் பைப். அங்கே காற்றே தண்ணீரைக் கொண்டுவரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். மிச்சமெல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில், ஹீட்டர் சூடு எட்டாத அலமாரி மறைவில் நீராக இறங்கும்.

சந்தேகமிருந்தால் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சாண் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் ஓதம். மழை பெய்த மறுநாள் கறை பெரிதாகிறதா என்றும் பாருங்கள், அப்படியென்றால் கூரைக் குழாயிலோ வெளிச்சுவரிலோ பழுது இருக்கும்.

காற்றின் ஈரம்தான் என்றால் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். இட்லி வேகும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள், முடிந்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். துணியைக் குளியலறையில் காயப்போட்டுக் கதவை மூடுங்கள். ஹீட்டரை அணைத்து அணைத்துப் போடாமல் மிதமாகத் தொடர்ந்து ஓடவிடுங்கள். குளிருகிறது என்று ஜன்னல் மேலுள்ள சின்னக் காற்றுத் துளையை டேப் ஒட்டி அடைக்காதீர்கள், நம்மவர்கள் நிறைய பேர் செய்கிற தவறு இது. பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டினால் வீடெல்லாம் பறக்கும், கையுறை போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆனால் ஃபேன் ஓடவில்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை, சுவர் கசிகிறது என்றால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 2018இல் சட்டமே போட்டார்கள், 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஏஜென்ட்டிடம் போனில் பேசி விட்டுவிடாதீர்கள், தேதியோடு படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நகர கவுன்சிலில் புகார் செய்யலாம், அவர்கள் வந்து பார்ப்பார்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள், வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும்.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஊரில், பூசணம் பிடித்த வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. அதனால்தான் இருமலைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம் என்கிறேன். டாக்டரிடம் போகும்போது சுவரின் படத்தையும் காட்டுங்கள். பிள்ளையின் கட்டில் அந்த அறையில்தான் என்றால் இன்று இரவே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.