பெண்கள் இரட்டையர் டென்னிஸில் மூன்றாவது செட் ஏன் ஆடுவதில்லை?

டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) தொடர்களில் இரண்டு ஜோடியும் ஆளுக்கொரு செட் எடுத்துவிட்டால், அடுத்து வருவது ‘சூப்பர் டைபிரேக்’. முதலில் 10 புள்ளி எடுக்கும் ஜோடிக்கு வெற்றி. ஆனால் 2 புள்ளி முன்னிலை வேண்டும். முதல் இரண்டு செட்களின் கேம்களில் டியூஸ் (40-40 என்ற சமநிலை) வந்தாலும் இழுபறி இல்லை, அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்த சர்வ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை எதிர்கொள்ளும் ஜோடியே சொல்லலாம்.

காரணம் நேரம்தான். ஒற்றையர் ஆடுபவர்கள் பலர் இதிலும் ஆடுகிறார்கள். ஒரு வாரத் தொடரில் கோர்ட்டும் குறைவு. தெரு கிரிக்கெட்டில் இருட்டுவதற்குள் “கடைசி ரெண்டு ஓவர்” என்று முடிப்போமே, அதே கணக்கு. (8-8ல் வரும் படபடப்பு முழு செட்டில்கூட வராது என்பேன்.)

கிராண்ட்ஸ்லாமிலும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பெண்கள் இரட்டையரில் முழு மூன்றாவது செட் உண்டு, 2015 விம்பிள்டன் இறுதியில் சானியா மிர்சா–மார்ட்டினா ஹிங்கிஸ் ஜோடி அதை 7-5 என்று வென்றது.