ஹைட்ரோஸ் டிரம்முக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம்? எம்எஸ்டிஎஸ் படிக்கும் முறை

கேள்வி: திருப்பூர்ப் பக்கம் ஒரு டையிங் யூனிட்டில் கெமிக்கல் ஸ்டோர் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறேன். படித்தது பி.காம். அடுத்த மாதம் பையர் ஆடிட் (துணி வாங்கும் கம்பெனியின் சோதனை). எல்லாக் கெமிக்கலுக்கும் எம்எஸ்டிஎஸ் (பாதுகாப்புத் தகவல் தாள்) வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். இதில் எதைப் படிப்பது, எதை விடுவது? சில சப்ளையர்கள் கேட்டாலும் தருவதில்லை. என்ன செய்யலாம் சார்?

பதில்: ஃபைலைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆடிட்டரை எப்படியும் சமாளித்துவிடலாம். ஸ்டோருக்குள் வந்து ஒரு கேனைக் காட்டி, "இது கண்ணில் தெறித்தால் என்ன செய்வாய் தம்பி?" என்று டோசிங் போடும் பையனிடம் கேட்கிறவர்தான் சிக்கல். அவர் கேட்பதற்கான பதிலும் அதே ஷீட்டில்தான் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் போலப் படித்தால் மட்டும் அது கிடைக்காது.

எம்எஸ்டிஎஸ் என்றாலும் எஸ்டிஎஸ் என்றாலும் ஒன்றுதான். கெமிக்கல் ஆபத்துகளை ஒரே மாதிரி குறிக்கும் ஐ.நா.வின் ஜிஎச்எஸ் முறைப்படி இப்போது வருகிற ஷீட்டுகளில் 16 பகுதிகள் இருக்கும். எந்த நாட்டுக் கம்பெனி தந்தாலும் வரிசை மாறாது: 4 என்றால் முதலுதவி, 5 தீ, 6 சிந்தினால் செய்ய வேண்டியது, 7 கையாளுதலும் சேமிப்பும், 8 பாதுகாப்பு உபகரணம், 10 எதோடு சேரக் கூடாது. இந்த எண்கள் மனதில் இருந்தால் போதும், பக்கம் தேட வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பதில் வரிசை வேறாக இருந்தால் அது பழைய வடிவம். நம் நாட்டின் 1989 அபாயகர வேதிப்பொருள் விதிகளில் உள்ள ஒன்பதாம் அட்டவணைப்படி தயாரித்ததாகவும் இருக்கலாம். தேதியைப் பார்த்து, புதியதைக் கேளுங்கள்.

ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேனுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பகுதி 1, 3 இரண்டையும் லேபிளோடு ஒப்பிடுங்கள். பிராண்ட் பெயர் எதுவாக இருந்தாலும் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) பொய் சொல்லாது. ஹைட்ரோசுக்கு (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) அது 7775-14-6, காஸ்டிக்குக்கு (சோடியம் ஹைட்ராக்சைடு) 1310-73-2. செறிவையும் பாருங்கள். கேனில் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபைலில் 35 சதவீதத்துக்கான ஷீட் என்றால் அந்த ஷீட் உங்களுக்கு உதவாது. பகுதி 1இல் இருக்கும் அவசரத் தொலைபேசி எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பார்ப்பது நல்லது. ஆபீஸ் நேரத்தில் மட்டும் எடுக்கிற எண், நைட் ஷிஃப்டில் யாருக்கும் உபயோகமில்லை.

அடுத்து பகுதி 2, ஆபத்து வகைகள். இங்கே இருக்கும் படங்களில் இரண்டை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். வெறும் தீச்சுடர் என்றால் அது எரியக் கூடியது. வட்டத்தின் மேல் தீச்சுடர் என்றால் அது மற்றதை எரிய வைக்கக் கூடியது. ஹைட்ரோஸ் முதல் வகை, பெராக்சைடு இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே பேலட்டில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரியுங்கள்.

என்னைக் கேட்டால், சாயப்பட்டறைக்காரர் பகுதி 2 முடிந்ததும் நேராக 10க்குப் போய்விட வேண்டும். நம் ஸ்டோர்களில் பல கெமிக்கல்கள் தனியாக இருக்கும்வரை சாதுவானவை. பக்கத்தில் இருப்பதோடு சேரும்போதுதான் வம்பு. ஹைட்ரோசின் பகுதி 10ஐ எடுத்துப் பாருங்கள்: ஈரம், அமிலங்கள், ஆக்சிஜனேற்றிகள் என்று போட்டிருக்கும். அதாவது தண்ணீர், அசிட்டிக், பெராக்சைடு. உங்கள் ஸ்டோரின் பாதி ஸ்டாக் லிஸ்டே அங்கே இருக்கிறது! கொஞ்சம் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும், புகையும், தீயும் பிடிக்கலாம். வருகிற புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். போக்குவரத்து பற்றிய பகுதி 14இல் யூஎன் 1384 (ஐ.நா. எண்), வகுப்பு 4.2 என்று இருப்பதற்கும் இதே காரணம்தான்: தானே தீப்பற்றும் பொருள்.

இதைப் படித்துவிட்டு ஸ்டோரைப் பார்த்தால் கண்ணில் படுபவை வேறாக இருக்கும். எடை போடும் இடத்தில் காஸ்டிக் கரைசலுக்கும் ஹைட்ரோசுக்கும் ஒரே மக் கிடக்கிறதா? டிரம் மூடி அரைகுறையாகத் திறந்திருக்கிறதா? தரையைக் கழுவிவிடும் தண்ணீர் டிரம் அடியைத் தொடுகிறதா? ஐப்பசி மழையில் எந்தக் கூரை ஷீட் ஒழுகும் என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். உலர்ந்த தனி ஸ்கூப், மேடை, இறுக மூடிய டிரம் ஆகிய மூன்றும் பகுதி 7இல் சொல்லப்படுவதுதான், செலவும் அதிகமில்லை.

1995 ஏப்ரலில் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் லோடை நகரில் நாப் டெக்னாலஜிஸ் என்ற ஆலையில் ஹைட்ரோசையும் அலுமினியத் தூளையும் கலக்கும் எந்திரத்துக்குள் தண்ணீர் கசிந்தது. உள்ளே சூடேறத் தொடங்கிய கலவையை வெளியே எடுத்துவிடலாம் என்று முயன்றபோது வெடித்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். உங்களிடம் அலுமினியத் தூள் இல்லை, அந்த அளவு வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிரம் புகைய ஆரம்பித்தால் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவதும்தான் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம். இரண்டுமே தப்பு. கொஞ்சத் தண்ணீர் அதற்குத் தீனி. ஆட்களை வெளியேற்றுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அதற்குள் எதைப் பயன்படுத்தலாம் என்பதை உங்கள் ஷீட்டின் பகுதி 5இலிருந்து இப்போதே எழுதி வையுங்கள்.

அசிட்டிக்கை எல்லோரும் அமிலமாக மட்டுமே பார்க்கிறோம். கிளேசியல் அசிட்டிக்கின் (தண்ணீர் கலக்காத அசிட்டிக்) பகுதி 9இல் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 39 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். அந்த வெப்பத்தில் அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உங்கள் ஸ்டோர் எத்தனை டிகிரி? பக்கத்தில் வெல்டிங் வேலை விடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பகுதி 8இல் "தகுந்த கையுறை அணியவும்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அது சோம்பேறி ஷீட். எந்த ரப்பர், எவ்வளவு தடிமன் என்று கேட்டு வாங்குங்கள். துணி மாஸ்க்கும் என்95உம் ஹைட்ரோஸ் புகையைத் தடுக்காது, அவை வாயுவுக்கானவை அல்ல. சாயப்பொடி எடை போடுகிறவருக்குத் தூசி மாஸ்க் கட்டாயம். சில ரியாக்டிவ் சாயங்களுக்கு எச்334 என்ற குறி இருக்கும், மூச்சுக்குழல் ஒவ்வாமை என்று பொருள். ஒருமுறை அது வந்துவிட்டால் பிறகு துளித் தூசிக்கும் இழுப்பு வரும். பகுதி 11இல் "தரவு இல்லை" என்றிருந்தால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சோதித்த விவரம் கையில் இல்லை என்றுதான் அர்த்தம்.

காஸ்டிக் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லும் பகுதி 4. வினிகர், எலுமிச்சை எதுவும் கூடாது. கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி, கையில் அந்த ஷீட்டோடு. கேன் இருக்கும் இடத்திலிருந்து பத்து வினாடி நடையில் குழாய் இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

ஷீட் சொல்லாத ஒன்றும் உண்டு. அது கேனுக்குள் இருப்பதைப் பற்றி மட்டுமே பேசும். ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டியில் எல்லாம் கலந்து உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு எந்த சப்ளையரின் ஷீட்டிலும் இராது. தொட்டிக்குள் ஆள் இறக்குவதை எம்எஸ்டிஎஸ் ஃபைலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கெமிக்கலுக்கு ஒரு ஏ4 தாள் போடுங்கள்: படங்கள், எதோடு சேரக் கூடாது, என்ன அணிவது, தெறித்தால் என்ன, தீ பிடித்தால் என்ன. தமிழிலும், பீகார், ஒடிசா ஆட்கள் இருந்தால் இந்தியிலோ ஒடியாவிலோ எழுதி, கேனுக்கு மேலே ஒட்டுங்கள். போனில் மொழிபெயர்க்கலாம், ஆனால் "கூடாது" என்பது "வேண்டும்" என்று மாறிவிடவில்லையே என்று ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு சரிபாருங்கள்.

சப்ளையர் விஷயம். 1984 போபாலுக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகளின் 17ஆம் விதி, அதில் அடங்கும் கெமிக்கல்களுக்கு ஷீட்டைப் பெறும் அல்லது தயாரிக்கும் பொறுப்பை அதைக் கையாளும் ஆலையின் மீதே வைக்கிறது. "அவர் தரவில்லை" என்பது உங்களுக்கு விளக்கமாகாது. லெவலிங் ஏஜென்ட் (சாயம் சீராகப் பிடிக்க), சாஃப்ட்னர் (துணி மென்மையாக) மாதிரி பிராண்ட் பெயரில் வருபவற்றில் ஃபார்முலா ரகசியம் என்பார்கள். சதவீதத்தை மறைக்கட்டும், ஆபத்தை மறைக்கக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் "தற்போதைய எஸ்டிஎஸ் இணைக்கப்படாத சரக்கு இறக்கப்படாது" என்று ஒரு வரி சேர்க்க முதலாளியிடம் பேசுங்கள். லாரி ஒருமுறை கேட்டில் நின்றால் மறுநாளே மெயிலில் வந்துவிடும்.