“காரம் கம்மியா போடு” என்று அத்தை சொன்னபோது

கேள்வி: புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பிழைத்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா? சும்மா ஆறுதலுக்குச் சொல்வதா?

எங்கள் அத்தைக்கு வாய்ப்புற்று வந்த கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். பாலக்கோடு பக்கம். இருபது வயதிலிருந்து வெற்றிலை பாக்கோடு புகையிலை. இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டேதான் களை எடுப்பார், தூங்குவார்.

எங்கள் ஊரில் களியை யாரும் மெல்ல மாட்டோம். உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான். அதனால் அத்தைக்கு மெல்ல முடியாமல் போனதே வீட்டில் தெரியவில்லை. “கொழம்புல காரம் கம்மியா போடு, வாய் எரியுது” என்று மருமகளிடம் சொல்ல ஆரம்பித்தார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்கிற மனுஷி. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

மணத்தக்காளிக் கீரை ஒரு மாதம், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒரு மாதம். ஒரு கிளினிக்கில் பல்தான் குத்துகிறது என்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள்; அந்த இடம் ஆறவே இல்லை. எரிச்சல் உண்டு, வலி இல்லை. வலி இல்லாததால் யாருக்கும் அவசரமும் இல்லை. மாங்காய் சீசன் முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும் என்று ஏழு மாதம் போய்விட்டது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டியபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

அந்த நெறியில்தான் எல்லாம் மாறுகிறது. கட்டி 2 செ.மீ.க்குள், ஆழமாக இறங்காமல், கழுத்துக்கும் பரவாமல் இருந்தால் பெரும்பாலும் ஒரு ஆபரேஷனோடு முடிந்துவிடும். நெறிக்குப் போய்விட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். (சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு எடுத்தால் பரவும் என்று ஒரு சித்தப்பா தடுத்தார். அவரைச் சமாளித்ததிலேயே பத்து நாள் போனது.) அத்தைக்குத் தாடை எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். பிறகு சேலத்தில் கரண்ட் வைத்தார்கள் (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம்), வாரம் 5 நாள், 6 வாரம். ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும், நடுவில் நிறுத்தவும் கூடாது. நாலாவது வாரம் வாயெல்லாம் புண். “ஒரு வாரம் லீவு விட்டுட்டு வர்றேன் சாமி” என்று டாக்டரிடம் கெஞ்சினார். “நீங்க லீவு விடலாம்மா, அது விடாதே” என்றார் அவர்.

சிகிச்சைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போய்விட்டது. தினமும் பஸ்ஸும் கூடப் போகிறவரின் கூலியும்தான் கடித்தது.

எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது. கணையம் மாதிரி உள்ளே இருப்பது சீக்கிரம் சிக்காது. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றும் அப்படி இல்லை. கண்ணுக்கோ கைக்கோ எட்டுபவை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. புகையிலையோ குடியோ இருந்தவர்களிடம் வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வருகிற அந்த அக்காவிடம் வாய்ப்புண்ணையும் சொல்லுங்கள். 3 வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும்.

அத்தை இருக்கிறார், நாலு வருஷமாகிறது. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். களி உருண்டையைச் சின்னதாக உருட்டிக்கொள்கிறார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: புகையிலை போடுகிறவர் யாரைப் பார்த்தாலும் ஃபோன் டார்ச்சை எடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டு மாமா, “போட்டோ மட்டும் எடுக்காத” என்று வாயைத் திறந்தார். கன்னத்தின் உள்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. டெஸ்டில் இன்னும் புற்று ஆகவில்லை என்று வந்தது. புகையிலையை விட்டுவிட்டார், என் மேல் கோபத்தை இன்னும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை நான்தான் பைக்கில் கூட்டிப் போகிறேன்.