தமிழ் மொழிமூலம் படித்தவருக்குக் கிரேக்க, இலத்தீன் வேர்கள் கைகொடுக்குமா?

கேள்வி: உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்தேன். இனிப் பல்கலைக்கழகத்தில் எல்லாமே ஆங்கிலம். கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொற்களைத் தெரிந்துகொண்டால் புதிய சொற்களை நாமே விளங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உண்மைதான். ஆனால் வேர்ச்சொற் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மனனம் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இங்கிருந்து மருத்துவத்துக்கும் விவசாயத்துக்கும் தாதியர் பயிற்சிக்கும் போகிற பிள்ளைகள் அந்தப் பட்டியல்களோடு மாரடிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வேர்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள். புதிய சொல் ஒன்று எதிரே வந்தால் நின்றுவிடுவார்கள். உங்களுக்குத் தேவையான பாதி வேலையை உங்கள் தமிழ்ப் பாடநூல் ஏற்கனவே செய்து வைத்திருக்கிறது என்பதே என் கருத்து.

நமது கலைச்சொற்களில் பெரும்பகுதி, மூலச்சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் கண்டு ஆக்கப்பட்டது. ஒளித்தொகுப்பு என்ற சொல்லைப் பாருங்கள். ‘போட்டோ’ ஒளி, ‘சிந்தெசிஸ்’ தொகுப்பு. தற்போசணியில் ‘ஓட்டோ’ தான், ‘ட்ரோப்’ போசணை. முட்தோலிகளை ஆங்கிலத்தில் எக்கைனோடேர்ம் என்பார்கள். கிரேக்கத்தில் ‘எக்கைனோஸ்’ முள்ளெலி, ‘டேர்மா’ தோல். எனக்கு மிகவும் பிடித்தவை, தாவரத்தில் நீரையும் உணவையும் கடத்தும் காழும் (சைலம்) உரியமும் (புளோயம்). சைலம் என்பது மரக்கட்டையைக் குறிக்கும் ‘சைலொன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழில் காழ் என்றால் மரத்தின் வைரம். புளோயம் ‘புளோயொஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, பொருள் பட்டை. தமிழில் உரி என்றாலும் பட்டைதான். இந்தச் சொற்களை ஆக்கியவர்கள் இரண்டு பக்கத்தையும் ஆழ்ந்து படித்தவர்கள். அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த உழைப்பின் பலனைத்தான் நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தீர்கள். தமிழில் படித்தோம், பின்தங்கிவிட்டோம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஒரு வேரைப் பிடித்தால் அதை விடாமல் அது போகுமிடமெல்லாம் போங்கள். முதிரை மரம் தெரியாத வன்னிப் பிள்ளை இல்லை. அதன் தாவரவியற் பெயர் குளோரொக்சைலன் சுவீட்டெனியா. ‘சைலொன்’ கட்டை என்று இப்போதுதான் பார்த்தோம். ‘குளோரோஸ்’ என்றால் மஞ்சள் கலந்த இளம்பச்சை. குளோரபிலில் அதே வேர் இருக்கிறது, ‘பில்’ இலை. வெள்ளம் வடிந்த பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றில் போடச் சொல்கிற குளோரினிலும் அதுவே. அந்த வாயுவின் நிறத்தைப் பார்த்து 1810இல் ஹம்ப்ரி டேவி வைத்த பெயர் அது. மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயினில் குளோரின் அணு இருப்பதால் அங்கும் ஒட்டிக்கொண்டது. பயிரின் இலை வெளிறி மஞ்சளாவதை விவசாய விரிவுரையில் குளோரோசிஸ் என்பார்கள். முதல் நாளே உங்களுக்குப் புரிந்துவிடும். பாலைப்பழக் காலத்தில் என் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பாலையின் பெயர் மனில்கரா ஹெக்சாண்ட்ரா. ‘ஹெக்ஸ்’ ஆறு, ‘ஆண்ட்ர்’ ஆண். பூவைப் பிரித்து எண்ணிப் பாருங்கள், பூவின் ஆண் உறுப்புகளான கேசரங்கள் ஆறு இருக்கும்.

வயல் வேலை செய்யும் வீட்டிலிருந்து வருகிறீர்களென்றால் களைநாசினி, பூச்சிநாசினி, பங்கசுநாசினி எல்லாம் வீட்டுச் சொற்கள். அந்த ‘நாசினி’தான் ஆங்கிலத்தில் ‘சைட்’. வெட்டுதல், கொல்லுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஹேர்பிசைட், இன்செக்டிசைட், ஃபங்கிசைட் மூன்றும் ஒரே மூச்சில் விளங்கிவிடும். இனப்படுகொலையைக் குறிக்கும் ஜெனோசைட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இந்த இலத்தீன் ஈற்றைச் சேர்த்து ரஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் ஆக்கிய சொல் அது. 1944இல் அச்சில் வந்தது. வன்னிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் செய்திகளில் கேட்டே வளர்ந்தவர்கள். அது எப்படி ஆக்கப்பட்டது என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மருத்துவச் சொற்களில் பலர் குழம்புவது, ஓர் உறுப்புக்கு இரண்டு வேர் இருப்பதால்தான். சிறுநீரகம் கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’, இலத்தீனில் ‘ரென்’. அதனால் சிறுநீரக மருத்துவம் நெஃப்ரோலொஜி ஆகிறது, சிறுநீரக நாடி ரீனல் ஆர்டரி ஆகிறது. தோலுக்கு ‘டேர்மா’வும் ‘கியூட்டிஸ்’உம். இன்சுலின் ஏற்றுவது சப்கியூட்டேனியஸ், அதாவது தோலுக்குக் கீழ். பழைய மருத்துவர்களான ஹிப்போகிராட்டஸும் கேலனும் கிரேக்கத்தில் எழுதினார்கள். 1543இல் வெசேலியஸ் தமது உடற்கூற்றியல் நூலை இலத்தீனில் வெளியிட்டார். ஆகவே நோய்ப் பெயர்களில் கிரேக்கமும் உறுப்புப் பெயர்களில் இலத்தீனும் மிகுந்து காணப்படும். இது கட்டாய விதியல்ல, ஆனால் வழிகாட்டும்.

வவுனியாப் பக்கத்திலும் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயின் ஆங்கிலப் பெயரில் குரொனிக், ஏற்றியோலொஜி என்ற இரண்டு சொற்கள் வரும். ‘குரொனொஸ்’ காலம், தமிழில் நாட்பட்ட என்கிறோம். ‘ஐற்றியா’ காரணம். காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கிளினிக் கொப்பியில் இருப்பதை ஊரில் ஒருவருக்கு விளக்கிச் சொல்ல உங்களால் முடியும். இந்தப் படிப்பின் பெரிய பயன் இதுவென்றே நினைக்கிறேன்.

இனி, வேர் ஏமாற்றும் இடங்கள். ஓர்த்தோபீடிக் கிளினிக்குக்குக் காலுக்காகப் போகிறவர்களே இங்கு அதிகம். அதனால் அந்த ‘பீட்’ பாதம் என்று மாணவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். பாதசாரியைக் குறிக்கும் பெடெஸ்டிரியனில் வருவதுதான் பாதம் என்ற இலத்தீன் சொல். ஓர்த்தோபீடிக்கில் வருவது பிள்ளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கலா ஆந்திரி, பிள்ளைகளின் உடற்கோணலை நேராக்கும் கலைக்கு வைத்த பெயர் அது. ‘ஓர்த்தோ’ நேர். பீடியாட்ரிக்கில் வருவதும் இதே பிள்ளைதான்.

மலேரியா இன்னொரு வகை. இத்தாலிய மொழியில் அது கெட்ட காற்று. வன்னிக்கு வரவே ஒருகாலத்தில் வெளியூரார் அஞ்சிய நோய். இலங்கை அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. காரணம் காற்றல்ல, அனோபிலிஸ் நுளம்பு கடத்தும் ஒட்டுண்ணி. பெயர் வைத்தவர் அன்று என்ன நம்பினார் என்பதை மட்டுமே வேர் சொல்லும்.

மிகவும் கவனம் வேண்டியது ஹைப்போவும் ஹைப்பரும். ஒன்று கீழ், மற்றது மேல். ஹைப்போகிளைசீமியா என்றால் குருதியில் சீனி குறைவு, ஹைப்பர் என்றால் கூடுதல். வைத்தியசாலை விடுதியில் ஒருவர் வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள். பாடநூலில் ஊகித்து வாசிக்கலாம், நோயாளியின் பக்கத்தில் ஊகிக்கக் கூடாது.

தொடங்கும் வழி எளிது. தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர உயிரியல் வளநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் தரவிறக்கி ஒரே அலகைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஆங்கிலச் சொல்லைப் பிரித்து, தமிழ்ச் சொல்லின் எந்தத் துண்டு அதற்கு நேர் என்று பாருங்கள். பிறகு பெரிய அகராதி ஒன்றில் சொற்பிறப்பைச் சரிபாருங்கள். விலங்குப் பாகுபாட்டு அலகிலிருந்து தொடங்குவது நல்லது. தட்டைப்புழுவுக்குப் பிளாட்டிஹெல்மிந்தெஸ் என்று ஏன் பெயர் வந்தது என்பதை அங்கே நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.