தருமபுரி பின்கோடை உடைத்த கதை: கேள்வி பதில்

போன வாரம் போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றபோது, கையிலிருந்த கவரின் பின்பக்கத்தில் நம்ம ஊர் பின்கோடைப் போட்டு பகா எண்களின் பெருக்கலாக உடைத்துப் பார்த்தேன்: 636701 = 13 × 17 × 43 × 67. சொன்னாலும் சொன்னேன், ஆளாளுக்குக் கேள்வி.

பாலக்கோடு தம்பி: அண்ணா, பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கே, 13 எப்படிக் கிடைத்தது?

2, 3, 5 எதுவும் போகாது, அதனால்தான் அப்படித் தெரிகிறது. 7 × 11 × 13 = 1001 என்பதால் ஆறு இலக்க எண்ணை நடுவில் வெட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதும், மூன்றையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். 701 − 636 = 65. அதில் 13 போகும், 7-ம் 11-ம் போகாது. முழு எண்ணுக்கும் அதே தீர்ப்புதான்.

அரூர்: மற்றதையெல்லாம் வரிசையாக வகுத்துத்தான் பார்த்தீர்களா சார்?

அன்றைக்கு அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் பழைய வழி ஞாபகம் வந்தது, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. எண்ணின் வர்க்கமூலம் 798-க்குச் சற்றுக் கீழே. 798-இலிருந்து ஒவ்வொன்றாக வர்க்கம் போட்டு 636701-ஐக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 798-க்கு 103, 799-க்கு 1700, 800-க்கு 3299, மூன்றும் இல்லை. 801-க்கு 4900, அதாவது 70-இன் வர்க்கம்! அப்புறம் என்ன, a² − b² = (a − b)(a + b) என்று பள்ளியில் படித்ததுதான்: 801 − 70 = 731, 801 + 70 = 871; இரண்டையும் பெருக்கினால் நம்ம பின்கோடு. 731 = 17 × 43, 871 = 13 × 67. நாலே தடவையில் முடிந்தது, ஏனென்றால் 731-ம் 871-ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பேங்க் ரகசியக் குறியீடுகளுக்கு எடுக்கும் பிரம்மாண்டமான பகா எண்கள் இரண்டும் ரொம்ப நெருக்கமாக இருக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

ஓசூர்: இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் ஆசை காட்டும். ஆனால் 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படைத் தடவை வந்தால்தான் அப்படி எழுத முடியும். 43, 67 இரண்டுக்கும் மீதி 3, இரண்டும் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன. அங்கேயே கதவு சாத்தியாச்சு.

பென்னாகரம்: இலக்கங்களைக் கூட்டினால் 23, அதையும் கூட்டினால் 5 வருகிறதே, ராசி ஏதாவது உண்டா?

எனக்கு அதில் ஈடுபாடில்லை அம்மா. 1972-இல் பின்கோடு வந்தபோது முதல் இலக்கம் 6 தமிழ்நாடு, கேரளாப் பக்கத்துக்கு என்று வைத்தார்கள். சேலத்துக்கும் நமக்கும் 636 பொது, 701 நம்ம தலைமை அஞ்சலகம். அவ்வளவுதான் விஷயம்.

ஊத்தங்கரை: கிருஷ்ணகிரியை மட்டும் விட்டுவிட்டீர்களே அண்ணா?

விடுவேனா! 635001 = 3 × 17 × 12451. இரண்டு ஊருக்கும் வித்தியாசம் சரியாக 1700, அதனால் 17 இரண்டிலும் உண்டு. 2004-இல் மாவட்டம் பிரிந்தாலும் 17 பிரியவில்லை. 12451 பகா எண்தானா என்று 109 வரையுள்ள 29 பகா எண்களையும் போட்டுப் பார்த்ததில் இரண்டு டீ ஆறிப்போனது. 83-இல் போய் 12450 வரை வந்துவிட்டு மீதி 1 என்று நின்றது பாருங்கள், கடுப்பாகிவிட்டது.