ஒரே கேபிளில் மூன்றும் ஓடுமா?

கேள்வி: லேப்டாப், போன், பிளேஸ்டேஷன் 5 மூன்றுக்கும் பொதுவாக ஒரு 15.6 இன்ச் போர்ட்டபிள் மானிட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரே யூஎஸ்பி-சி கேபிள் போதும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

லேப்டாப்புக்கு ஓரளவு நம்பலாம், போனுக்கு மாடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், பிளேஸ்டேஷனுக்கு நடக்காது.

யூஎஸ்பி-சி துளை இருந்தாலே படம் வெளியே வரும் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அந்தத் துளையில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதியும் இருந்தால்தான் வரும். லேப்டாப்பில் துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் குறி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடுங்கள். போன்களில் ஐபோன் 15 முதல் வந்தவை, சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசை, பிக்சல் 8 முதல் வந்தவை ஆகியவற்றில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கிடையாது, துளை மட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் கேபிள். போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் செருகிவிட்டு மானிட்டர் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கேபிள், சார்ஜ் ஏறும், படம் போகாது. மானிட்டர் பெட்டியில் வரும் கேபிளையே பயன்படுத்துங்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். இந்த அளவு மானிட்டர் சுமார் 10 வாட் வரை இழுக்கும், அதைப் போனிலிருந்து எடுத்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும், வெளிச்சமும் மங்கலாம், சில சமயம் திரை அணைந்து அணைந்து எரியும். அதனால் இரண்டு யூஎஸ்பி-சி துளை உள்ள மானிட்டராகப் பாருங்கள். ஒன்றில் சார்ஜர், இன்னொன்றில் போன். மானிட்டர் தன் தேவை போக மிச்சத்தை போனுக்கோ லேப்டாப்புக்கோ கடத்திவிடும் வசதி ('பாஸ்-த்ரூ' என்று போட்டிருப்பார்கள்) இருந்தால் ரொம்ப நல்லது.

பிளேஸ்டேஷன் 5 படத்தை எச்டிஎம்ஐ வழியாக மட்டுமே கொடுக்கும், அந்த கேபிள் மானிட்டரை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் கொண்டு வராது, ஆகவே மானிட்டருக்குத் தனி சார்ஜர் கட்டாயம். மானிட்டர் பக்கம் பெரும்பாலும் மினி எச்டிஎம்ஐ துளைதான் இருக்கும், வீட்டில் கிடக்கும் சாதாரண கேபிள் சேராது. நின்டென்டோ ஸ்விட்ச் இன்னும் குழப்பம்: அதில் யூஎஸ்பி-சி இருந்தும், பொதுவாக டாக் (ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கி) வழியாகத்தான் படம் வரும்.

4கே திரைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், 15.6 இன்ச்சில் 1080பி தாராளம். அந்தக் காசை வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் போடுங்கள். வெளிச்சம் 300 நிட்ஸாவது (திரை வெளிச்சத்தின் அளவு) இருக்கட்டும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள்: '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும், '100% எஸ்ஆர்ஜிபி' என்றிருப்பதை எடுங்கள். ஸ்பீக்கர் எதிலுமே பெரிதாக இருக்காது, கேம் ஆடும்போது ஹெட்போனை கன்ட்ரோலரில் செருகிக்கொள்ளுங்கள்.